எலுமிச்சம்பழம் விழாமல் டிரம் வாசிப்பது

எங்கள் அபார்ட்மெண்டில் இருக்கும் டிரம் செட் யாருடையது என்று கேட்டால் எல்லோருடையதும் என்பார்கள். அதாவது யாருடையதும் இல்லை. கனடாவுக்குக் குடிபோன ஒருவர் கொண்டுபோக முடியாமல் கிளப் ஹவுஸில் விட்டுவிட்டுப் போனது. பெங்களூர் வைட்ஃபீல்டில் கிளப் ஹவுஸ்கள் இப்படித்தான் நிறைகின்றன. ஒருவர் டிரெட்மில்லை விட்டுப்போவார், இன்னொருவர் மீன் தொட்டியை. எங்களுக்கு டிரம் வாய்த்தது. அதைக் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் போட்டார்கள். உள்ளே யார் எவ்வளவு பலமாக அடித்தாலும் வெளியே கேட்காது.

அதை மூன்று பேர் முறைவைத்து வாசித்தோம். முதல் ஆள் நான். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்து, அதை அவர்கள் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். கண்டுபிடிப்பது சுலபம். மனம் நோகாமல் சொல்வதற்கு நான் வளர்ந்த வாணியம்பாடியில் என்னை யாரும் பழக்கவில்லை. நாள் முழுக்க 'ஒரு சின்ன சந்தேகம்தான்' என்று இளித்துக்கொண்டே பேசிவிட்டு, சாயங்காலம் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அரை மணி நேரம் அடித்தால்தான் வீட்டுக்குள் மனுஷியாக நுழைவேன். என் புருஷனைக் கேட்டால் அவரும் இதையேதான் சொல்வார்.

இரண்டாவது ஆள் தாடிக்காரர். எல்லாச் சட்டையிலும் மண்டையோடு. மூன்றாவது ஆள் அங்கிள். இதே ஊரின் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்து, மாநில அரசின் கட்டடத் துறையில் ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆன பிறகுதான் டிரம் கற்றுக்கொண்டார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கை கழுவி, டிரம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவார். யார் என்ன சொன்னாலும் 'ஆமா ஆமா' என்று புன்னகையோடு தலையாட்டுவார். இவ்வளவு தன்மையான மனிதர் அபார்ட்மெண்டுக்கு ஒருவராவது வேண்டும் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பொதுச் சொத்து என்றால் என்ன கதிக்கு வரும் என்பதற்கு அந்த டிரம் செட்டே சாட்சி. தோல் என்று நாங்கள் சொல்வது உண்மையில் பிளாஸ்டிக். அது அம்மை போட்ட முகமாகக் குழிகுழியாகி, நடுவில் பள்ளம் விழுந்து, ஒரு நாள் கிழியும். மாற்றுவோம். மறுபடி குழி. சிம்பல் என்கிற வெண்கலத் தட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய மெத்தைகள் நைந்துபோய், பழைய ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டிப் போட்டிருந்தோம். சிம்பலில் விரிசல் விடும்போதெல்லாம் அங்கிள் அதை ஆடுகோடியில் தனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப்போவார். அவர்கள் விரிசல் வரைக்கும் சுற்றிலும் வெட்டி எடுத்துவிடுவார்கள். அப்படி வெட்டி வெட்டி, பெரிய சிம்பல் ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் அறையில் அம்மி இருந்திருந்தால் பொடியாகியிருக்கும்.

யாரோ ஒருவர் கை கனம். அது யார் என்பதுதான் கேள்வி. நான் இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கிளாக இருக்க முடியாது. மிச்சம் மண்டையோடு. தாடிக்காரரிடம் ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"மேடம், நான் குச்சிக்குப் பதிலா கம்பி பிரஷ் வெச்சுதான் வாசிக்கிறேன். நீங்கதான் அடிக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றார். "லிஃப்ட் பட்டனையே நீங்க குத்துற மாதிரிதான் அழுத்துவீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு லிஃப்ட் பட்டனை நகத்தால் மட்டும் தொட்டேன்.

இந்த நேரத்தில்தான் அசோசியேஷன் செக்ரெட்டரி தலையிட்டார். மைசூர்ப் பக்கத்துக் கன்னடர். தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மூவரையும் நிற்கவைத்து, நடுநடுவே கன்னடம் எட்டிப்பார்க்கும் நல்ல தமிழில் சொன்னார்.

"நோடி, எனக்குப் பாட்டு வேணாம், ரூம்தான் வேணும். வர்ற பார்சலை வெக்க எடமில்ல. உடைக்கிறது யாருன்னு தெரிஞ்சா அவரை மட்டும் நிறுத்திடறேன், மத்த ரெண்டு பேர் வாசிங்க. தெரியலன்னா டிரம் வெளிய, பார்சல் உள்ள. ஆயித்து."

அந்த அறை போனால் நான் ஆபீஸில் யாரையாவது கடித்துவைப்பேன். பக்கத்தில் அங்கிள் 'ஆமா ஆமா' என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் ஆயுத பூஜைக்குத் தப்பிய பொருள் எதுவும் கிடையாது. பி.எம்.டி.சி. பஸ்ஸிலிருந்து பாத்ரூம் கீசர் வரைக்கும் குங்குமம் வைப்பார்கள். டிரம்முக்கும் வைத்தோம். கிழியாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தோலின் மேலும் ஓர் எலுமிச்சம்பழம். வண்டிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல் பெடலுக்கு அடியிலும் ஒன்று வைத்தார் செக்ரெட்டரி. தாடிக்காரர் பயபக்தியோடு மிதித்தார். சாறு ஸ்பிரிங்கில் தெறித்தது. அடுத்த வாரமே ஸ்பிரிங் துருப்பிடித்துக் கீச்சென்று அழ ஆரம்பித்தது. அதையும் முரட்டுக் கைக்காரர் கணக்கில் எழுதினார்கள். அது கால் வேலை என்று நான் சொன்னது எடுபடவில்லை.

பூஜை முடிந்து வாட்ச்மேன் கதவைச் சற்று வேகமாகச் சாத்தியபோது, மூன்று காலில் நிற்கும் பெரிய டிரம்மின் மேல் இருந்த பழம் மெல்ல உருண்டது. செக்ரெட்டரியின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை ஆபீஸில் பார்த்திருக்கிறேன். புது டெஸ்ட் கேஸ் கிடைத்தவன் முகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பரீட்சை. பெரிய டிரம்மின் மேல் எலுமிச்சம்பழம் இருக்கும். ஒவ்வொருவரும் எப்போதும் வாசிப்பதுபோல் வாசிக்க வேண்டும், அந்தப் பெரிய டிரம்மையும் சேர்த்து. பழம் விழுந்தால் அவர்தான் குற்றவாளி. செக்ரெட்டரி, கமிட்டிக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டீயும் தட்டை வடையும் வந்தன. அங்கிளின் மனைவியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டிக்கு இதில் என்ன பதற்றம் என்று நினைத்தேன்.

முதலில் தாடிக்காரர். அவர் கை அசைந்தது, தாடி அசைந்தது, மண்டையோடு அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பழம் தியானத்தில் இருந்தது. அவர் முடித்ததும் கமிட்டி கை தட்டியது. அந்த அறையில் அன்றைக்குக் கேட்ட முதல் சத்தமே அந்தக் கைதட்டல்தான்.

அடுத்தது நான். ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிரம் வாசிப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குச்சி தோலைத் தொட்டதா என்று எனக்கே நிச்சயமில்லை. பழம் ஒரு முறை லேசாக நடுங்கியது, என் உயிரும் கூடவே நடுங்கியது. விழவில்லை. 'மேடம் பரவாயில்ல, ஆனா அவர் இன்னும் மெல்லகே வாசிச்சார்' என்றார் செக்ரெட்டரி. வாசிக்காமலே இருப்பதில் நான் இரண்டாம் பரிசு.

பிறகு அங்கிள். செருப்பைக் கழற்றினார். கை கழுவினார். தொட்டுக் கண்ணில் ஒற்றினார். கண்ணை மூடிக்கொண்டு, பூவைத் தூவுகிறவர் முகத்தோடு, புன்னகைத்தபடி கையை ஓங்கினார்.

இடி விழுந்தது. ஜெனரேட்டர்தான் வெடித்துவிட்டதென்று பின்வரிசைக்காரர் எழுந்து ஓடினார். எலுமிச்சம்பழம் எகிறி, செக்ரெட்டரியின் டீயில் விழுந்தது. அங்கிள் நிறுத்தவில்லை. கண் மூடியிருந்தது. அவ்வளவு மென்மையான முகத்திலிருந்து அப்படிப்பட்ட அடி வந்துகொண்டே இருந்தது. தோல் கிழிந்தது, அப்போதும் விடாமல் பக்கத்து டிரம்முக்குப் போனார். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். 'சார், சார்' என்று செக்ரெட்டரி கத்தினார். அங்கிள் காதில் அது விழவே இல்லை.

கடைசியில் அவராகவே முடித்துக் கண்ணைத் திறந்தார். டிரம்மின் மேல் பழத்தைத் தேடினார்.

"ஏன் எல்லாரும் எந்திரிச்சுட்டீங்க?" என்றார். "இன்னைக்குப் பயந்து பயந்து ரொம்ப மெதுவா வாசிச்சேன். கேட்டுதா?"

ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, "சொல்லிடாதம்மா, அவருக்குத் தெரியாது" என்றார். இத்தனை காலம் அவர் ஆட்டிய தலையெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

முதலில் வாய் திறந்தவர் தாடிக்காரர். "சார், பழம் சரியில்ல."

"ஆமா" என்றேன் நான். "ரொம்ப உருண்டையா இருக்கு."

செக்ரெட்டரி அங்கிளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டீக்குள் விரலை விட்டுப் பழத்தை எடுத்தார். அமுக்கினார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். தொழிற்சாலையில் எத்தனை பொருளை அப்படிப் பார்த்திருப்பாரோ.

"நோடி, இது காய்" என்று அறிவித்தார். "காய் குதிக்கத்தான் செய்யும். டெஸ்ட் செல்லாது. பார்சல் லிஃப்ட்டு பக்கத்துலயே இருக்கட்டும்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். பழத்தின் மேல் குற்றம் ஒருமனதாக நிரூபணமாயிற்று. அங்கிள் 'ஆமா ஆமா' என்று தலையாட்டினார்.

லிஃப்ட்டில் ஆன்ட்டி சொன்னார். "காது போயி ரொம்ப நாளாச்சும்மா. மெஷின் வாங்கி அலமாரியில வெச்சிருக்கோம், எடுத்தாலே சண்டை. தனக்கு நல்லா கேக்குது, நாமதான் முணுமுணுக்கிறோம்ங்கிறாரு. நான் கத்துறது கேக்காது. அந்த ரூமுக்குப் போயிட்டு வந்தா மட்டும், 'இன்னைக்கு நல்லா கேட்டுச்சு'ன்னு சொல்லிட்டு ரெண்டு தோசை கூட சாப்புடுவாரு."

அதன் பிறகு தோல் கிழிந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. தாடிக்காரர் மாற்றிவிடுவார். ஆடுகோடி பட்டறைக்கு அங்கிளே போகிறார். சிம்பல் இப்போது சாஸர் அளவு.

போன வாரம் என் முறை. பரீட்சைப் பழக்கம் இன்னும் விடாத கையோடு, மெல்ல வாசித்துக்கொண்டிருந்தேன். அங்கிள் தன் நேரத்துக்கு முன்னாலேயே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு என் எதிரில் நின்றார். என் கையையே பார்த்தார். பிறகு குனிந்து, பெரிய டிரம்மின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, கையை மட்டும் ஆட்டிட்டு இருக்க? வாசியேன்."

வாசித்தேன். அங்கிள் முகம் மாறவில்லை. இன்னும் பலமாக. டிரம்மில் வைத்த அவர் கை அசையாமல் இருந்தது. அன்றைக்கு ஆபீஸில் விழுங்கிய எல்லாவற்றையும் சேர்த்து, தோளிலிருந்து இறக்கினேன். மாற்றி இரண்டு நாள்கூட ஆகாத தோல் நடுவே பிளந்தது.

அங்கிள் நிமிர்ந்தார். கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவ்வளவு வருத்தமாக ஒருவர் ஒரு பிளாஸ்டிக்கைத் தடவி நான் பார்த்ததில்லை.

"பொதுச் சாமான்மா" என்றார். "உனக்குக் கை ரொம்ப கனம்."

பிறகு யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆனா நல்லா கேட்டுச்சு."