அசையாத கை: ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

இந்த ஐப்பசியில் ஆறு நாள் தினமும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தேன். அக்கா பிரசவ ஆபரேஷன் முடிந்து ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்; ரத்த அழுத்தம் இறங்கும்வரை நகரக்கூடாது. ஏழாம் மாதத்திலேயே பிறந்த அவள் மகன் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் இருந்தான். இதே வழியில் போக நேர்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பன்னிரண்டு கிலோமீட்டர். காலை 7.10 டவுன் பஸ், முப்பத்தைந்து நிமிடம், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இறங்கியபின் ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். மடியில் ஐஸ் டப்பா, அதில் அக்காவின் பால்.

"எல்லாரும் அங்கருந்து பால்கோவா வாங்கிட்டு வாராக. நீங்க இங்கருந்து கொண்டு போறீகளா தாயி?" என்றார் கண்டக்டர்.

"வெறும் பாலுதாண்ணே. கோவா ஆக நாளாகும்."

அக்காவுக்கு ஒரே கேள்விதான். "ஏட்டி, அவனுக்கு வலிக்கா? அழுதானா?"

"அழவே இல்லக்கா" என்றேன் முதல் நாள். அப்படித்தான் நம்பினேன்.

மறுநாள்தான் பார்த்தேன். நெற்றி சுருங்கி, வாய் கோணி, விரல்கள் விரிந்து அழுதுகொண்டிருந்தான். சத்தம் மட்டும் இல்லை.

"தொண்டையில குழாய் இருக்குல்லா, சத்தம் வராது. மூஞ்சியப் பாத்துத்தான் வலியக் கண்டுபிடிக்கணும்" என்றார் நர்ஸ்.

பொறுக்கமுடியாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு முதுகைத் தடவிக்கொடுத்தேன். எங்கள் வீட்டில் பாசம் என்றாலே தடவுவதுதான். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு சரிந்து மணி அடித்தது.

"தடவாதீக! அந்தத் தோலு தாங்காது. ஒரு கை தலையில, ஒரு கை காலுல. சும்மா வைங்க, அம்புட்டுத்தான்."

வைத்தேன். அக்காவின் பாலில் சில துளியை நர்ஸ் அவன் கன்னத்துக்குள் விட்டு, சற்று நேரம் பொறுத்து, குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். நெற்றி சுருங்கியது. என் கை அசையவில்லை. மெல்ல அவன் நெற்றி விரிந்தது. இன்னும் வலிக்கிற வேலைகளுக்கு டாக்டர் மருந்து கொடுப்பாராம்.

மாலையில் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "அழுதான்க்கா, சத்தம் வரல. உன் பாலு வாயில பட்ட பொறவு அடங்கிட்டான்."

வெகுநேரம் அழுதாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, "அந்த டப்பாவ எடு" என்றாள்.

போகிறவர்களுக்கு: நகம் வெட்டிக்கொள்ளுங்கள், வளையல், மோதிரம் வேண்டாம், மல்லிகைப்பூவும் வேண்டாம். ரத்தம் எடுக்கும் நேரத்தைக் கேட்டு அப்போது போங்கள். உங்கள் கைக்கு அப்போதுதான் வேலை.

ஆறாம் நாள், ரத்த அழுத்தம் இறங்கியதும், வாடகைக் காரில், அறுநூறு ரூபாய், அக்கா வந்தாள். கைகளைக் கழுவிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டாள்.

"அசைக்கக் கூடாதுல்லட்டி?"

"ஆமாக்கா."

இருபது நிமிடம் அசைக்கவில்லை. கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. நான்தான் துடைத்துவிட்டேன்.