மச்சான் குளிப்பாட்டிய கடைசல் இயந்திரம்

புதுச்சேரி ஆலை ஏலத்தில் எடுத்த பழைய கடைசல் இயந்திரத்தில், அதாவது லேத்தில், இரண்டு மாதமாகத் துரு சுரண்டிக்கொண்டிருந்தேனே, அது நேற்றுதான் முடிந்தது. இரும்பில் முகம் பார்க்கலாம்.

மறுபடி துரு ஏறாமலிருக்க எண்ணெய் பூச வேண்டும். அதை வாங்க இன்று காலை கடலூரிலிருந்து புதுச்சேரி போனேன். திரும்பும்போது எல்லைச் சாவடியில் மதுவிலக்குப் போலீஸ்காரர் சாராயமோ என்று எண்ணெய்ப் புட்டியை முகர்ந்து பார்த்து முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது.

வீட்டில் என் மனைவியின் அண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு நின்றிருந்தார்.

“இன்னா மாப்ள, மொத மொதல்ல ஓட்டப்போற மிசினு, சும்மாவா ஓட்டுவாங்க? காலையிலயே நாலு கொடம் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வச்சிட்டேன்.”

“தொடச்சீங்களா மச்சான்?”

“பூஜைக்கு வச்சத யாருனா தொடைப்பாங்களா?”

நான் தேய்த்த இடமெல்லாம் புதுத் துரு ஏறி, இயந்திரம் செக்கச்செவேலென்று நின்றது.

மச்சான் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நான் வச்சது ஒரு சிட்டிகை குங்குமந்தான். எப்டிப் பரவியிருக்கு பாரு. அம்மன் ஏத்துக்கிட்டா மாப்ள.”

துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் போய்விடும். மச்சானை எதில் ஊறவைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.