பந்து விழுந்த இடம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று என் சித்தி கேட்டாள். "கேடி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. சித்தி காபி டம்ளரை நீட்டியபடியே நின்றுவிட்டாள்.

"இன்னாது, கேடியா? போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ மாட்டி வெச்சிருப்பாங்களே, அந்தக் கேடியா?"

கோலார் தங்க வயலின் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடு அவ்வளவு சிரிப்பைத் தாங்காது. பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தட்டினார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "கோல்ஃப் ஆடறவங்களுக்குப் பையைத் தூக்கினு கூட நடக்கறதுங்க. அடிச்ச பந்து எங்க விழுதுன்னு பாத்துச் சொல்றது. அதுக்கும் கேடின்னுதான் பேருங்க" என்று சித்திக்குப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைக்காகவே சரி என்று சொன்னேன்.

அவர் அந்த வேலையைக் கற்றுக்கொண்டது இங்கேதான், தங்க வயலிலேயே. சுரங்கம் ஓடிய காலத்தில் அதிகாரிகள் ஆடுவதற்கென்று ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. மற்ற ஊர்களில் பந்து விழவேண்டிய குழியைச் சுற்றிப் பச்சைப்புல் வளர்ப்பார்களாம். எங்கள் ஊர் மண்ணில் அது நடக்காது. மணலில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து வட்டமாகப் பரப்பி வைத்திருப்பார்கள். பிரவுன் என்று அதற்குப் பேர். சுரங்கத்தை மூடியபிறகு அதிகாரிகள் போய்விட்டார்கள். இவர் விடிவதற்கு முன் ரயிலேறி, பெங்களூரில் இருந்த ஒரு பெரிய மைதானத்துக்குப் போக ஆரம்பித்தார். ஊரில் பாதிப் பேர் அந்த ரயிலில்தான் போனார்கள். கட்டட வேலைக்கு, செக்யூரிட்டி வேலைக்கு, ஆபீஸ் வேலைக்கு. இவர் பந்து பார்க்கப் போனார்.

அவருக்குக் கண்தான் வேலை. அடித்த பந்து வெயிலுக்குள் போனாலும் விடமாட்டார். மரத்தில் பட்டுத் திரும்பினால் எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லிவிடுவார். இன்னொன்றும் உண்டு. புதரில் கிடக்கிற பந்தைக் காலால் மெல்லத் தள்ளி நல்ல இடத்துக்குக் கொண்டுவந்துவிடு என்று கண் ஜாடை காட்டுகிற ஆட்டக்காரர்கள் இருந்தார்களாம். இவர் செய்ததே இல்லை. "பந்து எங்க கெடக்குதோ அங்கதான் கெடக்குதுன்னு சொல்லணும். அது ஒண்ணுதான் நம்ம கிட்ட இருக்குது" என்பார்.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்று கேடிகள் ஆடிக்கொள்ளலாம். ஒரு வருஷம் கேடிகளுக்குள் போட்டி வைத்ததில் முதலாவதாக வந்து, பரிசாகக் கிடைத்த பிரஷர் குக்கரைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலில் நின்றபடியே வந்தார். லைனில் எல்லார் வீட்டுக்கும் அன்று பாயசம் போயிற்று.

சர்க்கரை அவருக்கு முன்பே இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் பிளவுஸ் தைக்கிறேன். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், கடை விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது எதிரே அவர் வந்தார். கை காட்டினேன். நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். கோபமோ என்று நினைத்தேன். காலையில் சண்டை எதுவும் இல்லை.

"இன்னாங்க, நான்தான் நிக்கறேன்."

குரல் வந்த பக்கம் திரும்பினார். "நீயா?" என்றார். அந்த "நீயா"வில் எல்லாம் தெரிந்துபோயிற்று.

டாக்டர் சர்க்கரையால் கண்ணின் பின்பக்கம் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். ஒரு கண் ஏற்கனவே போய்விட்டிருந்தது. இன்னொன்றில் நடுவில் இருட்டு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார்கள். அவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. "கண்ணு இல்லாத கேடிய வெச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க" என்று அவரே நின்றுகொண்டார்.

வீட்டில் உட்கார்ந்தவர் பேசுவதையும் குறைத்துவிட்டார். ரயில் கூவினால் மட்டும் தலை நிமிரும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பழைய மைதானத்துக்குக் கூட்டினு போறியா?" என்று கேட்டார்.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். ஆனால் மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. சின்ன வயதில் வேலிக்கு வெளியேதான் சுற்றிப் போவோம். இப்போது வேலி இல்லை. யார் வேண்டுமானாலும் போகலாம், யார் வேண்டுமானாலும் ஆடலாம். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எருமைகள் மேய்ந்தன. தூரத்தில், தங்கம் பிரித்தபிறகு கொட்டிய சயனைடு மண் மேடு வெள்ளையாகத் தெரிந்தது. ஆட்டக்காரர்கள் கழித்துக் கொடுத்த நாலைந்து மட்டைகள் அவரிடம் இருந்தன. வார் நைந்த பையில் அவற்றைப் போட்டு நான் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

தரையில் ஒரு சின்னக் கட்டையை நட்டு, பந்தை அதன்மேல் வைத்துக் கொடுத்தேன். மட்டை நுனியால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஓங்கி அடித்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"எங்க போச்சு?"

"மேல போச்சுங்க. அப்பறம் தெரில."

"மேல போனது கீழ வரணும்ல?" அவர் சிரித்தார். அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அன்றைக்கு அந்தப் பந்து கிடைக்கவே இல்லை.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனோம். எனக்கும் மெல்லப் பழகிற்று. வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், உடைந்த பைப்புக்குப் பத்தடி தள்ளி, கறுப்பு எருமை முன்னால், என்று சொல்ல ஆரம்பித்தேன். "எருமை நகந்துடும், அத எதுக்கு அடையாளம் வெக்கற?" என்று கத்துவார். நானும் கத்துவேன். கிரிக்கெட் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்கள் சண்டையைப் பார்ப்பார்கள். பிரவுனில் எண்ணெய் காய்ந்து வெறும் மணலாகிவிட்டிருந்தது. குழிக்குள் ஒரு பால் டப்பாவைப் புதைத்து வைத்தோம். நான் குச்சியால் அதைத் தட்டுவேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் பந்தை உருட்டுவார். பல தடவை உள்ளே விழுந்தது.

ஓரத்தில் இருந்த வெளிச்சமும் குறைந்துகொண்டே வந்தது. என் முழங்கையில் அவர் பிடி இறுகிக்கொண்டே போயிற்று.

மழை விட்டிருந்த ஒரு காலை. வழக்கம்போலப் பந்தை வைத்துக் கொடுத்துவிட்டு விலகி நின்றேன். முழு மூச்சாக வீசினார். மட்டை காற்றைத்தான் வெட்டியது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. அவரோ நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்த்தார். தலை மெல்ல மேலே போய், வலது பக்கம் திரும்பி, மெல்ல இறங்கியது. போகாத பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகாப் போச்சு, இல்ல?" என்றார். "வேப்பமரத்துக்கு நேரா."

ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு நேரமாகும்? ஆனால் அந்த மனிதரிடம் பந்தைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பந்து இங்கியே இருக்குதுங்க" என்றேன். "உங்க காலாண்ட."

மட்டை நுனியால் தேடினார். பந்து தட்டுப்பட்டது. அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்தார். தன் அப்பா இறந்தபோதுகூட அழாதவர், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். பையன்கள் அன்று எங்கள் பக்கம் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மட்டையை என்னிடம் நீட்டினார். "நீ அடி."

"எனக்கு இன்னா தெரியும்?"

"இவ்ளோ நாளு பாத்தல்ல, அடி."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தேன். பந்து தரையோடு ஓடி ஒரு பள்ளத்தில் நின்றது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "ஓரத்துல பட்டுச்சு. ரொம்ப தூரம் போயிருக்காதே" என்றார். எழுந்து, பையைத் தடவி எடுத்து, தன் தோளில் மாட்டிக்கொண்டார். "நட, போலாம்."

அதற்குப்பிறகு நான் ஆடினேன், அவர் பை தூக்கினார். சத்தத்தை வைத்தே நல்ல அடியா கெட்ட அடியா என்று சொல்லிவிடுவார். என் கெட்ட அடிகளுக்கு அவர் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அப்படிச் சில மாதங்கள்தான் கிடைத்தன. சிறுநீரகம் கெட்டுவிட்டது. கோலாருக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்தோம். போய் வந்த நாளெல்லாம் படுத்தே கிடந்தார். ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகள் வந்து பார்த்துவிட்டுப் போன மறுவாரம், ஞாயிறு மத்தியானம், தூக்கத்திலேயே போய்விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. பெங்களூர் மைதானத்துக்கு விடுமுறை. காலை ரயிலில் கேடிகள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். நரைத்தவர்கள், இளைஞர்கள், எல்லோரும். நாங்கள் பௌத்தக் குடும்பம். புத்த விகாரையிலிருந்து வந்தவர்கள் புத்த வணக்கப் பாடல்களைச் சொல்லி முடித்ததும், பாடையை அவர்கள்தான் தூக்கினார்கள். எங்கள் லைன் ஆட்களுக்குத் தோள் கொடுக்க இடமே விடவில்லை.

எல்லாம் முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது, அவரோடு ரொம்ப வருஷம் வேலை செய்த ஒருவர் என்னிடம் வந்தார்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். வேலைக்கு வந்த கடைசி ஒரு வருசம் அண்ணனுக்குப் பந்து தெரில. எங்களுக்குத் தெரியும். ஒரு ஆட்டத்துக்கு நாலு கேடி போவோம்ல? அவரு பை தூக்கற ஆளோட பந்து எங்க விழுதுன்னு நாங்க யாராச்சும் பாத்து வெச்சிக்கினு, பக்கத்துல போய் நின்னு இருமுவோம். அவர் நேரா அங்க வந்துடுவாரு. ஆடறவங்க ஒருத்தருக்கும் தெரியாது."

அவ்வளவு நாள் கூட இருந்தும் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. "நீங்க எதுக்கு இருமறீங்கன்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரிலீங்க அண்ணி. ஒருநாளும் கேட்டதில்ல. ஆனா அங்க வந்ததும் எங்க தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுத்தான் குனிஞ்சி பந்தப் பாப்பாரு."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். மகள் வந்து, "உள்ள வாம்மா, காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல நீ" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.