வாத்தியாருக்குக் கொழுப்பு ஜாஸ்தி

“வண்டியை நிறுத்தச் சொன்னா நட்டு வச்சிட்டீங்களே சார், தண்ணி ஊத்தட்டுமா?” என்று கேட்டுவிட்டு, பூச்செடிகளுக்குள் முன்சக்கரம் புகுந்த காரிலிருந்து வாத்தியார் நிதானமாக இறங்குவார். இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார். அந்தத் தலையில் வாருவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளே வியர்த்துக்கொண்டிருக்கும் பல் டாக்டருக்கு மூச்சு விட அவகாசம் கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருவார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதைக் கால் மிதிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொள்ளும். இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பரைப் போட்டால், “மழை வந்தா நானே சொல்றேம்மா, இப்ப திரும்புங்க” என்பார். ஸ்டீயரிங்கின் கழுத்தை நெரிக்கிற வங்கி மேலாளரிடம், “வீட்டுக்காரம்மா கையைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க சார்... ஓ, பிடிச்சதே இல்லையா?” என்பார். கோபித்துக்கொண்டு பாதியில் போனவர்கள் உண்டு. அவர்களே பிற்பாடு தங்கள் பிள்ளைகளை அவரிடம் அனுப்பிவைத்தார்கள்.

அவர் மனைவி அந்த வாயோடு குடித்தனம் நடத்தித் தலை நரைத்தவள். அவள் பிறந்த வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரே தீர்ப்புதான்: “மாப்பிள்ளைக்குக் கொழுப்பு ஜாஸ்தி.” ஆகவே, அவருக்கு நெஞ்சு வலி வந்து, அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்து, மறுநாள் டாக்டரம்மா பரிசோதனைத் தாளைப் புரட்டியபடி “இவருக்குக் கொழுப்பு ரொம்ப ஜாஸ்திம்மா” என்றபோது, அழுது வீங்கிய கண்களோடு அவள், “அது கல்யாணமான அன்னிக்கே தெரியும் டாக்டர்” என்று சொல்லிவிட்டாள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வேறு எதுவும் அவள் வாயில் வரவில்லை.

கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் என்று ஒரு மாத்திரை. தினம் ஒன்று, இனி ஆயுசு முழுக்க என்று சொல்லி அனுப்பினார்கள். வாத்தியார் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். உடம்பு தேறி வேலைக்கும் போனார். வாய்தான் வேலைக்குத் திரும்பவில்லை. காரை நடைபாதை மேல் ஏற்றிவிட்ட பெண்ணிடம், “பரவாயில்லம்மா, மெதுவா இறக்குங்க” என்றார். அந்தப் பெண் பயந்துபோய் அவர் வீட்டுக்கே போன் செய்தாள். “ஆன்ட்டி, சார் என்னைத் திட்டவே மாட்டேங்கிறார். நான் தேறவே மாட்டேனா?”

வீட்டிலும் அதே கதைதான். சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் “நல்லா இருக்கு” என்று தட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்துபோவார். அவளுக்குத் துணி மடிக்கும்போது பழசெல்லாம் ஞாபகத்துக்கு வரும். கல்யாணமான புதிதில் உனக்கும் வண்டி சொல்லித் தருகிறேன் என்று கூட்டிப்போனார். அவர் வாயைத் தாங்க முடியாமல் அவள் நடுவழியில் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். மனுஷர் சமாதானம் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, வீடு வரைக்கும் அவள் நடைக்குச் சமமாகக் காரை ஊரவிட்டுக்கொண்டே வந்து, “இந்த வேகத்துலதான் நீ ஓட்டினே” என்றார். அன்று முழுக்க அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அந்தத் தெருவும் அந்த வெயிலும் அந்தக் கோபமும் ஒரே ஒரு தடவை திரும்பக் கிடைக்காதா என்று ஏங்கினாள்.

அடுத்த பரிசோதனையில் கொழுப்பின் அளவு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வாத்தியார் அந்தத் தாளை இரங்கல் செய்தி படிப்பதுபோலப் படித்தார். “எல்லாம் இறங்கிடுச்சு” என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்தார்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் புதுக் காரில் வந்து இறங்கினார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த வாத்தியார், “மச்சான், வண்டியை நிறுத்திட்டு வந்தீங்களா, கைவிட்டுட்டு ஓடி வந்தீங்களா?” என்றார். சமையலறையில் அவள் கையிலிருந்த கரண்டி நழுவியது. எத்தனை மாதம் ஆயிற்று இப்படி ஒரு பேச்சைக் கேட்டு! அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கூடத்தில் அண்ணன் முணுமுணுப்பது கேட்டது: “மாப்பிள்ளைக்குக் கொழுப்பு இன்னும் குறையலை.” அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

மாத்திரையை நிறுத்திவிட்டாரோ? வாயைத் திறந்து கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் மறுபடி மாத்திரை, மறுபடி ‘நல்லா இருக்கு’. வீடோ கலகலவென்று இருந்தது. மாடி வீட்டுக்காரரை வம்புக்கு இழுத்தார், அவள் புதுச் செருப்பைப் பார்த்து, “ரெண்டும் ஒரே கடையிலதான் வாங்கினியா?” என்றார். சில நாள் அவள் கேட்காமலே இருந்துவிட்டாள். தன் ஆசைக்கு அவர் உயிரைப் பணயம் வைக்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒரு மாலை அவர் தன் பேச்சுக்குத் தானே சிரித்து, சிரித்த வேகத்தில் இருமி, நெஞ்சைத் தடவிக்கொண்டார். வெறும் இருமல்தான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

“மாத்திரை போடறீங்களா இல்லையா?”

வாத்தியார் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினார். “அதான் கொழுப்பு இறங்கிடுச்சே, இன்னும் எதுக்கு? அதைப் போட்டுக்கிட்டிருந்த வரைக்கும் எனக்குப் பேச்சே வரலை. ஒவ்வொருத்தரும் செடிக்குள்ள கொண்டுபோய் விட்டாங்க, எனக்கு ஒண்ணுமே தோணலை. நான் யாருன்னே எனக்குத் தெரியாமப் போச்சு. நிறுத்தின அப்புறம்தான் திரும்பி வந்துச்சு.”

மறுநாளே அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா முழுவதையும் சிரிக்காமல் கேட்டார். “இறங்கினதே மாத்திரையாலதான் சார். நிறுத்தினா திரும்ப ஏறிடும். ஸ்டென்ட் ஒரு இடத்தைத்தான் திறந்திருக்கு. மத்த குழாய்ச் சுவர்லயும் கொழுப்பு படிஞ்சிருக்கும். அது உடைஞ்சு அடைச்சா மறுபடி அட்டாக். அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் இது. ரத்தத்துல இருக்கிற கொழுப்புக்குத்தான் இந்த மாத்திரை. வாயில இருக்கிறதுக்கு எங்ககிட்ட மருந்தே கிடையாது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க பயந்து போயிருந்தீங்க சார். அவ்வளவுதான்” என்றார்.

வாத்தியார் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். அந்த வாய்க்கும் பயம் வரும் என்று அவர் மனைவி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. வீடு வந்து சேரும் வரை அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் அவளே மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வாத்தியார் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அவள் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோடு மறுபடி ஊமையாகிவிடுவாரோ என்று ஒரு பயம். உண்மையிலேயே விழுங்கினாரா என்று இன்னொரு பயம்.

“நாக்கைக் காட்டுங்க.”

வாத்தியார் ஆவென்று வாயைத் திறந்து காட்டினார். மாத்திரை இல்லை. “சரி, போதும்” என்றாள். அவர் மூடவில்லை. கண்களை உருட்டி, மோவாயைத் தொடும் அளவுக்கு நாக்கை நீட்டி, அவள் முகத்துக்கு நேரே இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார்.