ஆணியில் ஆடிய நூற்றுப் பதினெட்டு

எண்ணூரில் நான் குமாஸ்தாவாக வேலை பார்த்த கன்டெய்னர் பட்டறையின் டைம் ஆபீஸில், வரிசை வரிசையாக ஆணி அடித்த ஒரு கறுப்புப் பலகை உண்டு. ஒவ்வோர் ஆணியிலும் எண் பொறித்த பித்தளை டோக்கன். காலையில் வருகிறவர் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். மாலையில் மாட்டிவிட்டுக் கிளம்புவார். வேலையை விட்டவரின் டோக்கன் எடுக்க ஆளின்றித் தொங்கும். ஓராண்டுக்கு அந்த எண்ணைப் புதியவருக்குத் தருவதில்லை என்பது அங்கே வழக்கம். அனல்மின் நிலையச் சாம்பல் ஜன்னல் வழியே வந்து அவற்றின்மேல் படியும். நூற்றுப் பதினெட்டில் மட்டும் படியவில்லை. நானும் துடைக்கவில்லை, பெருக்குகிற ஆயாவும் துடைக்கவில்லை. அது வெல்டர் பாயின் டோக்கன்.

பாய் இருபத்திரண்டு வருடம் அங்கே வெல்டிங் செய்தவர். கண்ணில் புரை விழுந்து, ஒரு டிசம்பரில் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். 'இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்று அச்சடித்த கணக்கு முடிப்புத் தாளை அவர்முன் நீட்டியது நான்தான். பேனாவைப் பிடித்தபடி கேட்டார்: "போனஸு வரும்லமா? ஒரு கண்ணாவது ஆப்ரேஷன் பண்ணிக்குவேன்." "ரிசைன் பண்ணவங்களுக்கு ஏது பாய் போனஸ்?" என்றேன். எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த குமாஸ்தா சொன்னதைக் கிளிப்பிள்ளை மாதிரி நானும் சொன்னேன். சட்டத்தை ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை. பாய் கோபப்படவில்லை. தாளைக் கண்ணருகே வைத்துக் கையெழுத்துப் போட்டார். "சர்தாம்மா. நீ நம்பர் கூப்டு, எங்க இருந்தாலும் வந்துடுறேன்" என்று சிரித்துக்கொண்டே டோக்கனை மாட்டிவிட்டுப் போனார்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் காலையில்தான் எங்களுக்கு போனஸ். குங்குமம் அப்பிய இயந்திரங்களுக்கு நடுவே மேஜை போட்டு நான் எண்ணைக் கூப்பிடுவேன்; உரியவர், இருக்கிறேன் என்பதற்கு, "கீறேன்" என்று குரல் கொடுத்துக் கவரை வாங்கிக்கொள்வார். மறு வருடப் பட்டியலில் நூற்றுப் பதினெட்டு இல்லை. சிவப்பு மையால் அதை அடித்தவளே நான்தான். ஆனாலும் நூற்றுப் பதினேழு முடிந்ததும் என் வாய் தானாக "நூத்திப் பதினெட்டு" என்றது. வரிசையின் கடைசியிலிருந்து, தெளிவாக, "கீறேம்மா" என்று பதில் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். அங்கே யாருமில்லை. யாரையும் உள்ளே விடவில்லை என்றார் வாட்ச்மேன். டைம் ஆபீஸுக்கு ஓடினேன். மின்விசிறி நின்றிருந்தது, காற்றே இல்லை. பலகையில் அந்த ஒரு டோக்கன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பாய் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் கல்மண்டபம் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனால், கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மனைவிதான் சொன்னார்: "நேத்து பதினோரு மணி இருக்கும்மா. சொம்மா படுத்துக்கினு இருந்த மன்ஷன், திடீர்னு எழுந்து 'கீறேம்மா'ன்னு கத்துறாரு. யாராண்ட பேசுறீங்கன்னா, நம்பர் கூப்ட்டாங்கன்றாரு." பாய் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "நீதான கூப்ட்ட?" என்றார்.

அதற்குப் பிறகுதான் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். அந்தக் கணக்காண்டில் முப்பது நாள் வேலை செய்திருந்தாலே போனஸ் உரிமை வந்துவிடும். ராஜினாமா அதை அழிக்காது, நான் வாங்கிய கையெழுத்தும் அழிக்காது. ஆனால் ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும் என்றார். பாயோ ஏப்ரலிலிருந்து டிசம்பர்வரை தீப்பொறியில் நின்றவர். பாய் பெயரில் கோரிக்கைக் கடிதத்தை நானே என் கைப்பட எழுதினேன். என் எழுத்து மேனேஜருக்குத் தெரியும் என்பது தெரிந்தேதான் எழுதினேன். தொழிலாளர் துறைக்குப் போவோம் என்று இரண்டாவது கடிதத்தில் ஒரு வரி சேர்த்ததும் பணம் வந்தது. பாய்க்கு ஒரு கண் தெளிந்தது. அந்த வாரமே அவர் டோக்கனில் சாம்பல் படியத் தொடங்கியது.

மேனேஜர் அன்றோடு என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த மே மாதம் நானும் ராஜினாமா எழுதினேன். என் எண் ஏழு. அதே தாள், அதே கையெழுத்து. போனஸைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அத்தனையும் தெரிந்த நானும் ரோஷத்தில் கேட்காமல் வந்துவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று கூப்பிடுவதுபோல ஒரு பெண்குரல் "ஏழு" என்றது. ஈரக் கையோடு நிமிர்ந்து, "இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டில் வேறு யாருமில்லை என்பது உறைத்தது. ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. என் நாற்காலிக்கு வந்திருக்கும் புதுப் பெண்.

"அக்கா, உங்க நம்பர் லிஸ்ட்லயே இல்லக்கா. எப்டி கூப்ட்டேன்னே தெர்ல. பின்னாடி உங்க குரல் கேட்டுச்சு. இங்க ஃபேன் கூட சுத்தலக்கா, உங்க டோக்கன் ஆடிக்கினே கீது."

"பயப்படாத கண்ணு," என்றேன். "பேனாவ எடு. என் நம்பர லிஸ்ட்ல எழுது."