உப்புச்சர்க்கரையை நிறுத்தியவர்

அப்பனும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மோகனூர்த் தோட்டத்தில் ஒரு பூவன் வாழைத்தாரை இறக்கியது. மகன் செங்கோட்டையன் தாங்கிப் பிடிக்க, அப்பன் சின்னண்ணன் ஒரே வெட்டில் காம்பை அறுத்தார்.

“தள்ளிப் பிடி சாமி. கறை பட்டா அப்புறம் சேலத்துல எவனும் உன்னயக் கம்பவுண்டருன்னு நம்பமாட்டான்.”

தார் அம்மாசிக்கு. ஓமலூர்ப் பக்கத்து இளைஞன், செங்கோட்டையன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். யாரும் பேசாதபோதும் அவன் காதில் குரல் கேட்கும். மிக்சர் மருந்து குடித்தால் அடங்கும். ஆனால் அவன் குடிக்காமல் ஊற்றிவிடுவான். புதிதாகக் கல்யாணமானவன். காரணத்தை டாக்டரிடமும் சொல்லவில்லை.

செங்கோட்டையனுக்குப் புரிந்தது. அப்பனுக்கும் அதே நோய்தான். மகன் பிறந்த கொஞ்ச நாளில் வந்தது. புரோமைடு மிக்சர் குரல்களை அடக்கியது. உடம்பையும் சேர்த்து அடக்கியது. பாதியை நோய் கொண்டுபோனது, மீதியை மருந்து. புருசன் பெண்டாட்டி உறவு நின்றுபோனது அம்மா ராசம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நாளில் சின்னண்ணனின் அக்கா குப்பாயி வேறு கணக்குப் போட்டாள். “பொண்டாட்டி வாய்ச்சது சரியில்லீங்க. இன்னொருத்தியக் கட்டி வெச்சாப் புத்தி தானாத் தெளியும்.” உறவெல்லாம் தலையாட்டியது. ராசம்மாளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதென்று பேச்சு. பெண்ணும் பார்த்தாகிவிட்டது.

உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் கல்யாண நிச்சயம் முடிந்தது. பெண் வீட்டு வாசலில் பந்துசனம் உட்கார்ந்திருக்க, தட்டு கைமாறும் நேரத்தில் சின்னண்ணன் எழுந்தார்.

“மாத்தாதீங்க.”

“உக்காரு தம்பி. கொழம்பிப்போய்ப் பேசாத.”

“இப்பத்தானுங்கக்கா தெளிவாப் பேசறேன். பொண்டாட்டியோட இருக்க எனக்கு ஒடம்பு ஒத்துவாரதில்லை. கொறை எங்கிட்ட. ராசம்மா மேல ஒண்ணுமில்லை. இந்தப் புள்ளையும் வந்து ஏன் வீணாப் போவோணும்?”

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். “ஆம்பளை பேசற பேச்சாய்யா இது?”

“ஆம்பளைதான் பேசோணும். பொம்பளை வாயில இதைச் சொல்ல வெச்சா உனக்கு நல்லாருக்குமா?”

பெண்ணின் தகப்பன் தன் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

வீட்டில் ராசம்மாள் சோறு போட்டபடி அழுதாள். “இத்தனை சனத்துல மானத்த வித்துப்போட்டு வந்துட்டீங்களே.”

“உன் மானம் இருக்குதில்ல. கொழம்ப ஊத்து.”

பிறகு பல வருசம் சந்தையில் முதுகுக்குப் பின்னால் கிண்டல் கேட்டது. “காதுல கேக்கறது போதாதுன்னு இவனுங்க வேற” என்று சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து நடப்பார். மருந்தை விடவில்லை. வாழையை விடவில்லை. ராசம்மாளும் அவரை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் செங்கோட்டையன் இந்த நோய்க்காரர்கள் பலரைப் பார்த்துவிட்டான். வெட்கப்பட்டு மருந்தை நிறுத்தினவர்கள் உண்டு. பழியைப் பெண்டாட்டி தலையில் கட்டினவர்கள் உண்டு. சபையில் எழுந்து நின்ற ஒரே மனுசன், அவன் அப்பன்.

அம்மாசியைப் பற்றி மகன் சொன்னதும் சின்னண்ணன் யோசிக்கவே இல்லை. “நீ படிச்சவன், உங்கிட்டச் சொல்ல மாட்டான். எங்கிட்டச் சொல்லுவான். திங்கக்கெழம மொத பஸ்ஸுக்கு வாரேன். வெறுங்கையோட எப்படிப் போறது, தாரை எறக்கு.”

ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் மடையைத் திருப்பப் போனவர், மடைமேலேயே சாய்ந்து உயிரை விட்டார்.

காரியம் முடிந்து செங்கோட்டையன் புறப்படும்போது தார் விட்டத்தில் பழுத்துத் தொங்கியது. சேலத்தில் அம்மாசி இன்னும் மருந்தை ஊற்றிக்கொண்டுதான் இருந்தான். அவனிடம் பேச வருகிறேன் என்றவர் வரவில்லை.