அரைக்குடத் தண்ணீர்

எங்கள் வீட்டில் பேச்சில் அத்தையை ஜெயித்தவர் கிடையாது. அய்யாவின் அக்கா அவள். பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிவிட, எங்களோடு வந்து தங்கிவிட்டாள். அடுப்படி அத்தையின் ராஜ்ஜியம். தண்ணீர் எடுப்பது அம்மாவின் பாடு. பெரியபட்டினத்துக்கு மேற்கே எங்கள் ஊர். வீட்டுக் கிணறெல்லாம் உப்பு. குடிக்க வேண்டுமென்றால் பனங்காட்டுக் கிணற்றுக்கு அரை மைல் நடக்க வேண்டும்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். எனக்கு ஒன்பது வயது. நாலாவதாகத் தம்பி பிறந்தான். இரண்டு நாள் அம்மாவைப் படாதபாடு படுத்திவிட்டுத்தான் வெளியே வந்தான், தடியன். முப்பதாம் நாள் தீட்டு கழிந்ததும் அம்மா குடத்தை எடுத்தாள். பாதி வழியில் இறக்கிவைத்துவிட்டு, பனையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இருமினால் சேலை நனைந்துவிடும். கேட்டால், “ஒண்ணுமில்லடி” என்பாள்.

தம்பிக்குச் சளி என்று பொய் சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு இராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

“பிள்ளை பெத்துப் பெத்து, அடிவயித்தைத் தாங்குற சதையெல்லாம் தளர்ந்துபோச்சும்மா. கர்ப்பப்பை கீழே இறங்குது. மூத்திரத்தை அடக்குற மாதிரி தினமும் இறுக்கி இறுக்கி விடணும். கனமா எதையும் தூக்கக் கூடாது.”

ஏதோ ஒன்று எந்த நேரமும் தொப்பென்று தெருவில் விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவின் காலடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“யார்ட்டயும் சொல்லிராதடி. மானம் போயிரும்” என்று அம்மா காராச்சேவு வாங்கித் தந்தாள்.

ஆனால் தண்ணீர் இல்லாமல் முடியுமா? அம்மா அரைக்குடமாக எடுத்தாள். நான் சின்னக் குடத்தில் எடுத்தேன். அரைக்குடம் நடக்க நடக்கச் சளப் சளப்பென்று காட்டிக்கொடுக்கும். அதற்காக உள்ளே ஓலைத்துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்வாள். இருவரும் களவாணிகள் மாதிரி சிரித்துக்கொண்டே வருவோம். என் அம்மா எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்த நாட்கள் அவை.

அத்தையின் காது ஓலைக்கு ஏமாறுகிற காதா?

“நெறகுடம் தளும்பாதும்பாக. இவ குடம் கூத்தாடிக்கிட்டு வருது. நாலு பெத்துட்டால்ல, மகாராணி!”

அம்மா தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பிவிடுவாள்.

தம்பிக்குக் காதுகுத்து வந்தது. வாசலில் பந்தல். உள்ளூர்ப் பங்காளிகளும் வெளியூர் மாமன்மாரும் கூடியிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் தண்ணீர் மாட்டுவண்டியில் வந்தது. வாசலில் இறக்கிய குடங்களைக் கொல்லைப்புற அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

“ஏத்தா, இன்னைக்காச்சும் நெறகுடமாத் தூக்கு. எல்லாரும் பாக்காகல்ல” என்றாள் அத்தை.

அம்மா குனிந்து ஒரு குடத்தை இடுப்பில் ஏற்றினாள். முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா தூக்கக் கூடாது! டாக்டரம்மா சொல்லிருக்காக! கர்ப்பப்பை கீழ விழுந்துரும்!”

பந்தலில் இருந்த தலையெல்லாம் எங்கள் பக்கம் திரும்பியது. அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிமாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அம்மா குடத்தோடு தலையைக் குனிந்து நின்றாள். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு.

அத்தை அம்மாவையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு வந்து குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“எங்கிட்ட சொன்னா என்னடி? போ, அங்கன போயி உக்காரு. எனக்கென்ன, பிள்ளை பெறாத ஒடம்பு. எறங்குறதுக்கு உள்ள என்ன இருக்கு?”

பெண்கள் ‘கொல்’லென்று சிரித்தார்கள். அத்தை தன் பலத்தைச் சொல்லிப் பெருமையடிக்கிறாள் என்று எண்ணி, எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். மறுநாளிலிருந்து கிணற்றுக்கு அத்தைதான் போனாள். அதைப் பற்றி அம்மாவும் அத்தையும் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்று சிரிக்காதவள் அம்மா ஒருத்திதான். குடத்தோடு உள்ளே போகும் அத்தையைப் பார்த்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வயிறுதான் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, அம்மா உட்காரப் பலகை எடுத்துவர ஓடினேன்.